ஒன்பதாம் பக்கம்

குடைமிளகாயைச் சுட்ட சூட்டோடு பாத்திரத்தில் போட்டு மூடிவிட வேண்டும். கால் மணி நேரம் உள்ளேயே வேர்க்க விட்டால் தோல் தானாகக் கழன்று வரும். அவசரப்பட்டு உரித்தால் சதையும் சேர்ந்து போய்விடும். உட்கார், பிலியானா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். நான் உரித்துக்கொண்டே பேசுகிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது.

நீ கேட்டது இரண்டு. வாசகசாலைக் கூடத்துக்கு உன் அப்பாவின் பெயரை வைக்கிறார்கள், லியூபென் தாஷெவ் கூடம் என்று. சுவரில் பளிங்குக் கல் பதித்து, 1977-இல் அவர் அங்கே ஆற்றிய சொற்பொழிவின் ஒன்பதாம் பக்கத்தை அதில் வெட்டப் போகிறார்கள். திறப்பு விழாவில் அந்தப் பக்கத்தை நான் வாசிக்க வேண்டும் என்பது ஒன்று. அன்றைக்கு நான் எடுத்த சுருக்கெழுத்து நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் தர வேண்டும் என்பது இன்னொன்று. "அன்னைக்கு மேடையில இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் அத்தை மிச்சம்" என்றாய். மிச்சம் என்ற சொல் கொஞ்சம் உறைத்தது. ஆனால் சரிதான்.

இரண்டுக்கும் எனக்குச் சம்மதம். பதிலுக்கு நீ எனக்கு ஒரு சின்ன உதவி செய்ய வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேள். குறுக்கே பேசாதே. முப்பத்தொரு வருஷம் பிறர் பேச்சை எழுதியவள் நான். குறுக்கே பேசுகிறவர்களால் எவ்வளவு தாள் வீணாகும் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு வாசகசாலையில் பொதுச் சொற்பொழிவு நடக்கும். தேனீ வளர்ப்பு, பல் சொத்தை, நிலாவின் மறுபக்கம், தயிரின் மகிமை, எதுவானாலும் விதி ஒன்றுதான். பேசுகிறவர் தன் பேச்சை முன்கூட்டியே எழுதி நிகழ்ச்சிக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழு படித்து ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தும். பிறகு மேடையில் அவர் உண்மையில் என்ன பேசினார் என்பதை நான் ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுப்பேன். அதை மூன்று படி தட்டச்சு செய்வேன். பேசியவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டு, "ஆமாம், நான் இப்படித்தான் பேசினேன்" என்று உறுதி செய்வார். ஒரு படி வாசகசாலை அலமாரிக்கு, ஒன்று ஊர்க் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துக்கு, ஒன்று மாவட்டத்துக்கு. முத்திரை குத்திய பேச்சும் வாயிலிருந்து வந்த பேச்சும் ஒன்றுதானா என்று அங்கே ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். தேனீ வளர்ப்பைக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ராணித் தேனீ என்ற சொல்லை ஒருமுறை கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள், சிரிக்காதே.

உன் அப்பா பள்ளியில் சரித்திர வாத்தியார். வருஷத்துக்கு மூன்று நான்கு முறை பேசுவார். அவர் பேசும் நாளில் மட்டும் பால்கனி நிறையும். வேகமாகப் பேசுவார், ஆனால் வாக்கியத்தை முடிப்பார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய குணம் கிடையாது. அவர் கையெழுத்துப் போடுவதும் தனி மாதிரி. பக்கங்களை நான் சீட்டுக்கட்டு விரிப்பது போல் பியானோ மூடியின் மேல் விரித்து வைப்பேன், ஒவ்வொன்றிலும் அடியில் இரண்டு விரல் அகலம் மட்டும் தெரியும்படி. அவர் வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். ஒரு வரிகூடப் படிக்க மாட்டார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க வாத்தியாரே, நான் உங்க சொத்தை எழுதி வாங்கிட்டா?" என்பேன்.

"எங்கிட்ட இருக்கறது ஒரு சைக்கிள். அதுக்கும் செயின் இல்ல. எடுத்துக்குங்க" என்பார்.

பன்னிரண்டு வருஷம் இப்படியே நடந்தது.

1974-இல் அவர் ஊர்ச் செங்கல் சூளையின் வரலாற்றை எழுத ஆரம்பித்தார். சூளைக்கு அறுபது வயது ஆகிறது, கொண்டாட வேண்டும் என்று குழுவே கேட்டுக்கொண்டதுதான். பழைய வேலைப் பதிவேடுகளைப் புரட்டும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டார். 1944 செப்டம்பரில் மூன்று நாள் சூளை மூடியிருந்தது. அடுத்த வரியில், 'இரண்டாம் எண் மண்குழி மேலிட உத்தரவின்படி மூடப்பட்டது' என்று இருந்தது. நல்ல களிமண் குழியை யார் மூடச் சொல்வார்கள், ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் வெளியூர்க்காரர். எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

1944-இல் எனக்கு ஏழு வயது. என் அப்பா தபால் நிலையத்தில் தந்தி அனுப்புபவர். புதிய கம்யூனிஸ்ட் அரசு வந்த இரண்டாம் வாரம், மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். "சின்னதா ஒரு விசாரணை, இப்ப வந்துருவாரு" என்றார்கள். அப்பா கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் ஊரில் பதினொரு பேரை அப்படிச் சின்ன விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அம்மா மூன்றாம் நாள் துவைத்த சட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். "அனுப்பிட்டோம்" என்றார்கள். எங்கே அனுப்பினார்கள் என்று அவளும் கேட்கவில்லை. அந்தச் சமயம் ஊருக்குள் யாரும் எதையும் கேட்கவில்லை. மண்குழிக்கு மேல் பிறகு அகாசியா மரங்கள் நட்டார்கள். அந்தப் பக்கம் போனால் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், வாயைத் திறக்க மாட்டாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்கான படிவங்களில் 'தந்தை: 1944-இல் காலமானார்' என்று எழுதுவேன். உன் அப்பாவிடம் சொன்னேன். பதினொரு பெயரையும் சொன்னேன், அம்மா எனக்கு ஒப்பிக்கச் சொல்லித்தந்த வரிசையிலேயே. அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொப்ரின்கா, இதை நான் மேடையில சொல்லுவேன். உங்க அப்பா பேரை மைக் முன்னாடி நின்னு சொல்லுவேன். என் பிள்ளை மேல சத்தியம்."

அந்தப் பிள்ளை நீதான்.

பிறகு மூன்று வருஷம் சண்டை. அவர் எழுதிய பதினான்கு பக்கங்களில் பதின்மூன்றுக்கு முத்திரை விழுந்தது. ஒன்பதாம் பக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் முத்திரை இல்லாமல் திரும்பி வந்தது. குழுக் கூட்டங்களிலும் குறிப்பெடுப்பது நான்தான், அதனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். குழுச் செயலாளர் கோச்செவ் முன்பு அதே சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மாவுக்குக் குளிர்காலத்தில் விறகு அனுப்புவார், ஏன் அனுப்புகிறார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"வீட்டுல பொணம் விழுந்தா அதைக் கூடத்துல வெச்சுக்கிட்டே சோறு திம்பீங்களா வாத்தியாரே?" என்பார் கோச்செவ். "எடுத்து அடக்கம் பண்ணிட்டு, அவனவன் பொழப்பைப் பாக்க வேண்டியதுதான்."

"அடக்கம் பண்ணியிருந்தா நான் ஏன் கேக்கறேன்? மண்ணைப் போட்டு மூடிட்டு மரம் நட்டிருக்கீங்க."

"நடக்கவே இல்லைன்னு நான் சொன்னேனா? நடந்ததையெல்லாம் மைக்ல சொல்லணுமான்னுதான் கேக்கறேன்."

குழுவில் இருந்த பல் மருத்துவர் காலேவா அம்மாள் எப்போதும் நடுவில் புகுவாள். "எல்லாம் சரி, ஜனங்க குழம்பிருவாங்களே."

"குழம்பட்டுமே டாக்டர். குழம்பினாத்தானே கேள்வி கேப்பாங்க. கேள்வியே வரக்கூடாதுன்னா எதுக்கு மைக்கு, எதுக்கு இத்தனை நாற்காலி? ரெண்டு ஆட்டைக் கட்டி மேய்க்கலாமே இந்தக் கூடத்துல."

"வாத்தியாருக்கு வாய் நீளம்" என்பார் கோச்செவ். கூட்டம் அதோடு முடியும். அடுத்த மாதம் மறுபடி இதே சண்டை. உன் அப்பாவுக்குத் தலைமையாசிரியர் பதவி வர வேண்டியது, வரவில்லை. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் பேசியதையெல்லாம் அவரைப் போலவே பேசிக் காட்டுவேன். அம்மா சிரிப்பாள். நான் பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு சிரித்ததில்லை.

1977 அக்டோபரில் அனுமதி வந்துவிட்டது என்று வாசகசாலைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். நான் அவரைத் தெருவில் பார்த்தேன். "கெடச்சிருச்சா வாத்தியாரே?" என்றேன். "கெடச்சிருச்சு" என்றார். அவசரமாக இருந்தார், செயின் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முழுசாகக் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அறுபத்தொன்பது வயது, முட்டி வலி, பத்து வருஷமாக எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. கறுப்பு உடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டாள். மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்கார வைத்தேன். "அப்பா பேரை இன்னைக்குச் சொல்லுவாங்க. அழக்கூடாது, எல்லாரும் பாப்பாங்க" என்றேன். "நான் எதுக்கு அழறேன்?" என்றாள்.

உன் அப்பா பேசினார். சூளையின் முதல் முதலாளி, புகைபோக்கி இடிந்தது, போர்க்கால உற்பத்தி. எட்டாம் பக்கம் முடிந்தது. நான் பென்சிலை மாற்றிக்கொண்டேன், புதிதாகச் சீவிய பென்சில். அவர் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, 1945-இல் சூளை மக்கள் உடைமையான கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அது பத்தாம் பக்கம்.

என் கை எழுதிக்கொண்டே போனது, பழக்கதோஷம். தலைக்குள் மட்டும் ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் வரிசையைப் பார்க்கப் பயமாக இருந்தது. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கோச்செவ் முன்வரிசையில் இருந்து பூங்கொத்து கொடுத்தார். உன் அப்பா என் மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரொட்டிக் கடை தாண்டியதும், "நல்லாத்தான் பேசினாரு" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள், "அவர் பேரைச் சொல்லும்போது நான் கண்ணசந்துட்டேனாடி?"

"ஆமாம்மா. சொன்னாரு. நீ அசந்துட்ட" என்றேன்.

அவள் தெருவிலேயே நின்று அழுதாள். முப்பத்துமூன்று வருஷம் காத்திருந்து அந்த ஒரு நிமிஷம் பார்த்துத் தூங்கிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னைக் கழுத்தறுத்தது கோச்செவ் என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன், அவர் எனக்கு ஒன்றும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. நான் நம்பி வாயைத் திறந்தது ஒரே ஒரு மனிதரிடம். அவர் என் அப்பாவை இரண்டாவது முறை மண்ணைப் போட்டு மூடிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பூங்கொத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும் என்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. மறுநாளே தெரியும். உன் அம்மா ஸ்தெஃப்கா காய்கறி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள், பூரித்துப் போயிருந்தாள். "குழந்தை இடுப்புக்கு ஆபரேஷன் பண்ணணும், ரெண்டு வருஷம் தலைநகர் சோஃபியாவுல இருந்து பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டே இருந்தாரு. அங்க குடியிருக்க அனுமதி யாருக்குக் கெடைக்குது சொல்லுங்க? கோச்செவ் வாங்கித் தந்துட்டாரு. இவருக்கு அங்கேயே ஸ்கூல்ல வேலையும் போட்டுட்டாங்க. ஜனவரியில கெளம்பறோம்" என்றாள். உனக்கு ஏழு வயது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நின்றாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய், முன்பல் இரண்டு இல்லை. நான் ஒரு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். எட்டுப் பக்கம் நோட்டில் உள்ளபடி அடித்தேன். ஒன்பதாவதை நினைவிலிருந்து அடித்தேன். மூன்று வருஷத்தில் அதை அவர் நாற்பது முறை என்னைக் கொண்டு அடித்து வாங்கியிருக்கிறார், ஒரு காற்புள்ளிகூடத் தவறாது. நான் எதையும் சொந்தமாகச் சேர்க்கவில்லை, அதை நீ கவனிக்க வேண்டும். அவர் சிந்தித்தது, அவர் எழுதியது, அவர் சொல்வேன் என்று சத்தியம் செய்தது. அவருடைய பேச்சை மற்றவர்கள் வெட்டினார்கள். நான் வெட்டியதை ஒட்டினேன். ஒருவர் வாயை அடைப்பது பாவம் என்றால் அடைத்ததைத் திறப்பது எப்படிப் பாவமாகும் என்று நான் அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன்.

திங்கட்கிழமை வாசகசாலைக்கு வந்தார். பியானோ மேல் விரித்து வைத்திருந்தேன். வழக்கமான கேலியை நான் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. குனிந்துகொண்டே நாற்பத்திரண்டு கையெழுத்தையும் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "தொப்ரின்கா, நான் உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"தபால் நாலு மணிக்குப் போயிரும் வாத்தியாரே" என்றேன்.

அவர் படித்திருக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் அன்று ஒரு நாளாவது படித்திருக்கலாம். படித்திருந்தால் நான் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பேன். ஆகவே அந்தத் தாள் போனதில் அவருடைய பங்கும் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அமைதியான மனிதர், ஜலதோஷம் பிடித்திருந்தது. வாசகசாலைக் கூடத்திலேயே விசாரணை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து அன்றைக்கு வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வாக்குமூலங்களை எழுத ஊரில் இருந்த ஒரே சுருக்கெழுத்தாளர் நான் என்பதால் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். உன் அப்பா ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியில் இருந்தார். "நான் அப்படிப் பேசல. வந்தவங்களைக் கேளுங்க, நூத்தியிருபது பேர் இருந்தாங்க" என்று தைரியமாகத்தான் சொன்னார்.

முதலில் கோச்செவ். "சொல்லல தோழரே. நான் முன்வரிசையில இருந்தேன், சத்தியமா சொல்லல."

"எதைச் சொல்லல?" என்றார் அதிகாரி.

"அந்தக் குழி விஷயம்."

"அப்படி ஒரு விஷயம் இருக்கா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நாப்பத்துநாலுல நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

கோச்செவ் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். "யோசிச்சுப் பாத்தா, நடுவுல கொஞ்ச நேரம் சிகரெட் பிடிக்க வெளிய போயிட்டேன்" என்றார்.

அது வாசலில் காத்திருந்தவர்களுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அவர் அப்படிப் பேசவில்லை என்று சொன்னால் எப்படிப் பேசவில்லை என்று கேட்பார்கள். பேசினார் என்றால் கேட்டுவிட்டு ஏன் வந்து சொல்லவில்லை என்பார்கள். முடிதிருத்துபவர் தனக்கு இடது காது கேட்காது என்றார். அவர் மனைவி வலது காது என்றாள். காலேவா அம்மாள், "நான் அவரோட மேல்வரிசைப் பல்லைப் பாத்துட்டிருந்தேன், தொழில் புத்தி" என்றாள். மீதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், கணக்கு வாத்தியார், பால்கனியில் நின்றுகொண்டே இருந்தவர்கள்கூடத் தூங்கினார்கள். நான் வரிசையாக எழுதினேன், 'தூங்கிவிட்டேன்' என்பதற்குச் சுருக்கெழுத்தில் ஒரே ஒரு கோடுதான்.

பதிவேட்டில் பெயர் இருந்ததால் அம்மாவையும் கூப்பிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"சொன்னாருய்யா" என்றாள் அம்மா. அந்த ஊரில் அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான். "நான் பாவி, அசந்துட்டேன். எம்பொண்ணு கேட்டிருக்கா, அவதான் சொன்னா." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "நீங்க நல்லா இருக்கணும் வாத்தியாரே. உங்க குழந்தை நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்மாவுக்கு வயசாயிருச்சு தோழரே" என்று சொல்லி அவளை எழுப்பி வெளியே கொண்டுபோய் விட்டேன். உன் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோதும் அவர் கண் கதவிலேயே இருந்தது.

அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார், "தோழி, உங்க நோட்டுல என்ன இருக்கு? அந்த இடத்தை வாசிங்க."

நோட்டைப் பிரித்தேன். எட்டாம் பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே பத்தாம் பக்கத்தின் முதல் வரி இருந்தது. அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. நான் ஒன்பதாம் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாக வாசித்தேன். பெயர்களையும் வாசித்தேன். அந்தக் கூடத்தில் முதன்முதலாக அவை உரக்க ஒலித்தது அன்றுதான், என் குரலில். வாசித்து நிறுத்தினேன். உன் அப்பா தலை நிமிர்ந்தார். இன்னும் ஏதோ வரும் என்பது போல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் நோட்டை மூடினேன்.

"தாஷெவ், என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

உன் அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. வெளியே தாழ்வாரத்தில் அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ஆமா. சொன்னேன்" என்றார் உன் அப்பா. "எல்லாம் நான் சொன்னதுதான். சுருக்கெழுத்துல ஒரு தப்பும் இல்ல."

ஆக, அவரே ஒப்புக்கொண்டார். கையெழுத்தும் போட்டார், அன்றைக்குப் படித்துப் பார்த்துப் போட்டார். மீதி உனக்கே தெரியும். வேலை போனது, வடகிழக்கில் ஒரு கிராமத்துக்கு உங்கள் மூவரையும் ஐந்து வருஷம் குடியேற்றினார்கள், தானியம் உலர்த்தும் கொட்டகையில் அவருக்கு வேலை. இரண்டாம் குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார். அந்தக் கிராமத்தில் இடுப்பு மூட்டுக்கு வைத்தியர் இல்லை. நீ படி ஏறி வரும்போது காலை இழுக்கும் அந்தச் சத்தத்தை வைத்தே நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. எனக்கு மாவட்டத்திலிருந்து ஒரு புதிய தட்டச்சு இயந்திரம் அனுப்பினார்கள். நல்ல இயந்திரம், இன்னும் ஓடுகிறது. அம்மா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் உன் அப்பாவுக்காக மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஒன்றை யோசித்துப் பார். நான் அந்தத் தாளை அடிக்காமல் இருந்திருந்தால் உன் அப்பா யார்? செங்கல் சூளையைப் பற்றிப் பேசி, பூங்கொத்து வாங்கிக்கொண்டு, தலைநகருக்கு மாற்றலாகிப் போன ஒரு வாத்தியார். தொண்ணூறில் ஆட்சி மாறி, மாவட்ட ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தப் பக்கம் வெளியே வந்ததால்தானே பத்திரிகைகளில் போட்டார்கள், குழியைத் தோண்டினார்கள், எலும்புகளை எடுத்து முறைப்படி அடக்கம் செய்தார்கள்? நாடே வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோது பேசிய ஒரே மனிதர் என்று உன்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அதை உனக்குக் கொடுத்தது யார்? நான் நன்றி எதிர்பார்க்கவில்லை.

அழு, பரவாயில்லை. தண்ணீர் அந்தக் கூஜாவில் இருக்கிறது. விழாவில் நீ இதைச் சொல்வதானால் சொல். சொல்ல மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். நோட்டு அந்த அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள். சோஃபியாவில் பழைய சுருக்கெழுத்து படிக்கத் தெரிந்த ஒரு பெண்மணி இன்னும் உயிரோடு இருக்கிறாளாம், அதனால் எந்தப் பக்கத்தை விரித்து வைப்பது என்று மட்டும் கவனமாக இரு.

இப்போது அந்த உதவி. கல்லில் வெட்டப் போகும் எழுத்தின் படியை நீ காட்டினாயே, அதில் பத்துப் பெயர்கள் இருக்கின்றன. தாளில் உள்ளபடிதான் வெட்டுகிறார்கள், அவர்கள் மேல் தவறில்லை. நான் அடிக்கும்போது என் அப்பா பெயரை அடிக்கவில்லை. அடித்திருந்தால், இந்தப் பக்கத்தை உள்ளே நுழைத்தது யார் என்று கோச்செவுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். எனக்கு வேலை இருந்தது, அம்மா இருந்தாள். கிறிஸ்தோ பெனெவ், தந்தி அலுவலர், வயது முப்பத்தாறு. கடைசி வரிக்குக் கீழே இடம் இருக்கிறது, பார்த்தேன். சேர்த்துவிடச் சொல். இத்தனை நாள் எப்படி விடுபட்டது என்று யாராவது கேட்டால், உன் அப்பா விட்டுவிட்டார் என்று சொல். அது பொய்யும் இல்லை.